யார் வழியாக வந்தது?

மரபணு ஆலோசனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் பரிசோதனை முடிவுகளைப் படிக்கச் சொல்லித்தர என்னைவிடத் தகுதியானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் கண் மருத்துவர். திருச்சியில் வேலை பார்த்து ஓய்வு பெறும்வரை, சின்னக் குழந்தைகளின் விழித்திரையில் வரும் புற்றுநோயைத்தான் பெரும்பாலும் பார்த்தேன். அதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: முடிவு கைக்கு வந்த பிறகுதான் நம் வேலையின் கஷ்டமான பகுதி தொடங்குகிறது. யாரிடம் சொல்வது, யார் முன்னால் சொல்லாமல் இருப்பது, எப்போது வாயைத் திறப்பது என்பதை எந்த இயந்திரமும் நமக்கு அச்சடித்துத் தராது.

ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

கௌசல்யா மருங்காபுரிப் பக்கத்துப் பெண். திருவானைக்காவலில் வாழ்க்கைப்பட்டவள். கணவர் சரவணன் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் டவுன் பஸ்ஸில் டிரைவர். அவர்களுடைய பெண் குழந்தை தன்யாவுக்கு சமயபுரத்தில் மொட்டையடித்துக் காது குத்தியபோது போனில் படம் எடுத்திருக்கிறார்கள். எல்லாப் படத்திலும் குழந்தையின் வலது கண் மட்டும் பூனைக்கண் மாதிரி வெள்ளையாக மின்னியது. "போட்டோ லைட்டு அப்படித்தான் அடிக்கும்" என்று மாமியார் ராஜாமணி சொல்லிவிட்டார். கௌசல்யாவுக்கு மனம் ஆறவில்லை. மறுபடி மறுபடி படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி என்னிடம் வந்துவிட்டாள். அப்போது அவளுக்கு வயிறு லேசாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. இரண்டாவது குழந்தை.

தன்யாவுக்கு மயக்க மருந்து கொடுத்து இரண்டு கண்களையும் பார்த்தேன். வலது கண் முழுக்கக் கட்டி நிறைந்திருந்தது. இடது கண்ணில், ஓரமாக, சின்னதாக ஒன்று. வலது கண்ணை எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் உயிருக்கு ஆபத்து. இடது கண்ணை லேசர் வைத்தும் மருந்து கொடுத்தும் காப்பாற்றிவிடலாம்.

இரண்டு கண்ணிலும் கட்டி இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். செல்கள் கண்டபடி பெருகாமல் அடக்கிவைக்கும் மரபணுக்கள் நம் உடம்பில் இருக்கின்றன. மார்பு, குடல், எலும்பு என்று பல இடங்களில் வரும் புற்றுநோய்களுக்குப் பின்னால் இப்படிப்பட்ட ஏதோ ஒரு மரபணு வேலை செய்யாமல் போயிருப்பதைப் பார்க்கிறோம். விழித்திரைக்கென்று இருப்பதுதான் முதன்முதலில் பிடிபட்டது. ஒவ்வொன்றும் நம்மிடம் ஜோடியாக இருக்கிறது, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. இரண்டும் கெட்டால்தான் கட்டி வரும். தன்யா ஒன்று கெட்ட நிலையிலேயே பிறந்திருக்கிறாள். அது பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருக்கலாம், இவளிடமே புதிதாகவும் ஏற்பட்டிருக்கலாம்.

குடும்பத்தை உட்காரவைத்துச் சொன்னேன். சரவணன் டியூட்டியில் இருந்தார். வைகுண்ட ஏகாதசி நேரம், சிறப்புப் பேருந்துகள் ஓடிக்கொண்டிருந்தன, லீவு கிடைக்கவில்லை. கௌசல்யாவும் மாமியாரும்தான் வந்திருந்தார்கள்.

"கண்ண எடுக்கறதா? பொம்பளப் புள்ளைங்க இது!" என்றார் ராஜாமணி. கொஞ்ச நேரம் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மருமகள் பக்கம் திரும்பினார். "இது எங்க வம்சத்துல கெடையாது டாக்டரம்மா. இவ தாய்மாமனுக்கு ஒத்தக் கண்ணு. பொண்ணு பாக்கப் போனப்பவே பாத்தேன். அப்பவே வேணாம்னு சொல்லியிருக்கணும்."

"மாமாவுக்குச் சின்ன வயசுல சோளக்கட்டை குத்திடுச்சு அத்தை" என்றாள் கௌசல்யா.

"அப்படித்தான சொல்லுவாங்க."

"ராஜாமணி அம்மா, இது யார் வழியாவும் வரலாம், யார் வழியாவும் இல்லாமலும் வரலாம். அப்பா, அம்மா ரெண்டு பேர் கண்ணையும் பாக்காம நான் எதுவும் சொல்லமாட்டேன்" என்றேன்.

"நீங்க டாக்டரு, பொதுவாத்தான் பேசுவீங்க. வயித்துல இருக்கறதும் இப்படித்தான் பொறக்கும். அதையும் இப்பவே யோசிச்சுக்கணும்."

கௌசல்யாவின் கை தானாக வயிற்றுக்குப் போனதைப் பார்த்தேன்.

ஒற்றைக்கண் மாமா என்று கேட்டதும் எனக்குமே மனம் அந்தப் பக்கம்தான் சாய்ந்தது. குடும்ப வரலாற்றில் கண் போன ஒருவர் இருக்கிறார் என்றால் நாம் எல்லோரும் அங்கேதான் விரலை வைப்போம். ஆனால் மாமாவின் கண் எதனால் போனது என்று அந்த அறையில் இருந்த யாருக்கும் நேரில் தெரியாது. எதிரே இருப்பவர்களின் கண்ணையோ உடனே பார்த்துவிட முடியும். அதனால் கௌசல்யாவுக்குச் சொட்டு மருந்து விட்டு அன்றே பார்த்தேன். இரண்டு கண்ணும் சுத்தமாக இருந்தன. "நல்லாப் பாருங்க" என்று ராஜாமணி பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார்.

சரவணன் மறுநாள் காலை ஷிப்டை முடித்துக்கொண்டு காக்கிச் சட்டையோடு வந்தார். தனியாகத்தான் வந்தார்.

"எனக்கு எதுக்கு மேடம் டெஸ்ட்டு? லைசென்ஸ் புதுப்பிக்கறப்பல்லாம் கண்ணு பாத்துத்தான் குடுக்கறாங்க. சமயபுரம் ரோட்டுல வர்ற பஸ்ஸோட போர்டு தூரத்துலயே தெரியும் எனக்கு."

"பார்வை நல்லாத்தான் இருக்கும் சரவணன். உள்ளே என்ன இருக்குன்னு மட்டும் பாத்துடறேன். ஆனா இந்த மருந்து விட்டா இன்னைக்கு வண்டி எடுக்கக் கூடாது."

மருந்து வேலை செய்த பிறகு இடது கண்ணில் வெளிச்சம் பாய்ச்சி ஓரங்களைத் தேடிக்கொண்டே போனேன். கீழ்ப்புறத்தில், அவர் பார்வைக்கு எந்த இடைஞ்சலும் செய்யாத ஓரத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு தழும்பு இருந்தது. நடுவில் சுண்ணாம்புத் துகள் மாதிரி வெள்ளை. குழந்தையாக இருந்தபோது வந்த கட்டி, தானாகவே வளர்ச்சி நின்று காய்ந்துபோயிருந்தது. ஏன் சிலருக்கு மட்டும் அப்படி நின்றுவிடுகிறது என்று எனக்கு இன்றும் முழுதாகத் தெரியாது.

கதவைச் சாத்திவிட்டு அவரிடம் மட்டும் சொன்னேன். படம் வரைந்து காட்ட ஆரம்பித்தால் பாடம் ஆகிவிடும் என்று பட்டது. "உங்க பஸ்ல ஃபுட் பிரேக்கும் இருக்கு, ஹேண்ட் பிரேக்கும் இருக்கு இல்லையா? அது மாதிரி கட்டி வளராம நிறுத்தி வைக்க நமக்குள்ள ரெண்டு பிரேக் இருக்கு" என்றேன்.

அவர் உடனே கேட்டார். "அப்ப எனக்குப் பொறக்கறப்பவே ஒண்ணு இல்ல. அப்படித்தான?"

"ஆமா. இன்னொண்ணு வேலை செய்யுது, அந்தத் தழும்பு இருக்கற இடத்துல மட்டும்தான் அதுவும் கெட்டிருக்கு. அதனாலதான் நீங்க நல்லா இருக்கீங்க."

"அந்த இல்லாததத்தான் புள்ளைக்குக் குடுத்திருக்கேன்."

"அப்படித்தான் தெரியுது. ரத்தம் அனுப்பி உறுதி பண்ணிக்கலாம்."

மருந்தினால் விரிந்த கண்மணிகள் அவர் முகத்தைச் சின்னப் பையனுடைய முகம்போலக் காட்டின. முதலில் அவர் பயந்தது வேலைக்கு. இந்தத் தழும்பால் வண்டி ஓட்டுவதற்கு எந்தத் தடையும் இல்லை என்று சொன்னேன். அதன் பிறகுதான் உண்மையான கேள்வி வந்தது.

"அம்மாகிட்ட சொல்லணுமா மேடம்?"

"இது உங்க உடம்பு. யாருகிட்ட சொல்றதுன்னு நீங்கதான் முடிவு பண்ணணும். உங்களைக் கேக்காம நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன். ஆனா கௌசல்யாவுக்குத் தெரியணும். வயித்துல இருக்கற குழந்தைக்கும் இது வர்றதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு. அதை அவங்ககிட்ட மறைக்கறது நியாயமில்லை."

"கௌசிகிட்ட சொல்லிடுவேன். அம்மாவ நெனச்சாத்தான்... எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்க."

அடுத்த நாள் அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் வாங்கக் குடும்பத்தை வரச் சொல்லியிருந்தேன். மருங்காபுரியிலிருந்து கௌசல்யாவின் அப்பாவும் வந்திருந்தார். மானாவாரி விவசாயி, அதிகம் பேசாதவர். சரவணன் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தையும் கௌசல்யா முகத்தையும் பார்த்தேன். அவர் இன்னும் அவளிடம் சொல்லவில்லை என்று தெரிந்துவிட்டது.

"நான் கையெழுத்துப் போடறேன் டாக்டர்" என்றாள் கௌசல்யா, நான் கேட்பதற்கு முன்பே. "கண்ணு போனாப் போவட்டும். எனக்குப் புள்ள வேணும்."

ராஜாமணி அதைத் தடுக்கவில்லை. ஆனால் சம்பந்தி பக்கம் திரும்பினார். "ஆபரேஷன் முடியட்டும். அதுக்கப்பறம் உங்க பொண்ண ஊருக்குக் கூட்டிக்கிட்டுப் போயிடுங்க. வயித்துல இருக்கறதுக்கும் ஒரு வழி பண்ணிடுங்க. உங்க குடும்பத்துச் சங்கதிய மறைச்சுக் குடுத்துட்டீங்க. என் மவன் வாழ்க்கை இப்படி ஆயிடுச்சு."

"அம்மா, சத்தியமா சொல்றேன், என் மச்சினனுக்குச் சோளக்காட்டுல விழுந்துதான்..." பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்த கௌசல்யா அப்பாவின் தோளில் கை வைத்தாள்.

உண்மை என் வாய்க்குள் இருந்தது. ஒரே வாக்கியத்தில் அந்தப் பெரியவரின் தலைகுனிவையும் அந்தப் பெண்ணின் மேல் விழுந்த பழியையும் என்னால் நீக்கிவிட முடியும். என் கண் எதிரிலேயே அநியாயம் நடக்கிறது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று அரித்தது. ஆனால் அந்த உண்மை என்னுடையது இல்லை. அது சரவணனின் கண்ணுக்குள் இருந்து நான் எடுத்தது. நான் சொல்லிவிட்டால் பழி ஒரு நாற்காலியிலிருந்து இன்னொரு நாற்காலிக்குப் போகும். அவரும் இனி எந்த டாக்டரிடமும் கண்ணைக் காட்டமாட்டார். அந்த மாதிரி நேரத்தில் நம் கோபத்தை நம்பிப் பேசிவிடக் கூடாது என்பதை மட்டும் உங்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன். கோபம் நியாயமானதாகவே இருந்தாலும்.

அதற்காகச் சும்மா இருக்கவும் முடியாது. "இந்த அறையில ரத்தப் பரிசோதனை முடிவு வர்றதுக்கு முன்னாடி யாரும் யாரையும் குத்தம் சொல்லக் கூடாது" என்று ராஜாமணியிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே சொன்னேன். பிறகு சரவணன் பக்கம் திரும்பினேன். "சரவணன், நேத்து நான் சொன்னதுல உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா? இல்ல, ஏதாவது சொல்லணுமா?"

அவ்வளவுதான் கேட்டேன். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நான் அடுத்த பேச்சுக்குப் போயிருப்பேன்.

அவர் எழுந்தார். "அம்மா, போதும்."

"என்னடா போதும்?"

"கௌசி கண்ணுல ஒண்ணும் இல்ல. என் கண்ணுலதான் இருக்கு. எனக்கும் சின்ன வயசுல வந்து, தானா நின்னு போயிருக்கு. புள்ளைக்கு என்கிட்டேருந்துதான் போயிருக்கு."

"என்ன உளர்றே? நீ பஸ் ஓட்டறவன்."

அவர் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க மேடம். நான்தான் சொல்றேன்ல, சொல்லுங்க."

அப்போதுதான் சொன்னேன். ரொம்பச் சுருக்கமாக. இது யாருடைய தப்பும் இல்லை, சரவணன் தெரிந்து கொடுக்கவில்லை, தன் பிள்ளைக்கு எதைக் கொடுப்பது என்று தேர்ந்தெடுக்க யாராலும் முடியாது என்று. கௌசல்யா கணவரைப் பார்த்தபடியே நின்றாள். அவள் முகத்தில் நான் எதிர்பார்த்த நிம்மதி வரவில்லை. அவர் நேற்று முழுக்க இதைத் தனியாகச் சுமந்திருக்கிறார் என்பதுதான் அவளுக்கு முதலில் உறைத்தது போலிருக்கிறது. "ஏங்க, நேத்தே சொல்லியிருக்கலாம்ல" என்று மட்டும் சொன்னாள்.

ராஜாமணி இந்த முறை அழவில்லை. என்னிடம் கேட்டார், ஏதோ சம்பந்தமே இல்லாததைக் கேட்பது போல.

"இது கால்ல வருமா டாக்டரம்மா?"

"ஏன் கேக்கறீங்க?"

"இவங்க அப்பாவுக்கு முட்டிக்கு மேல கட்டி வந்துச்சு. இவன் அப்ப கைப்புள்ள. எலும்புல புத்துன்னு தஞ்சாவூருல சொன்னாங்க. அப்பறம் ரொம்ப நாள் இருக்கல."

அந்த மரபணு கெட்டவர்களுக்குப் பின்னாளில் எலும்பில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். போய்ச் சேர்ந்தவருடைய ரத்தத்தை யாரும் இனிப் பார்க்க முடியாது. "உறுதியா சொல்ல முடியாதும்மா. ஆனா இதுவாவே இருந்திருக்கலாம்" என்றேன்.

"என் மாமியா சாகறவரைக்கும் சொல்லிச்சு, என் ராசிதான் அவரை முழுங்கிடுச்சுன்னு. ஒரு நல்லது கெட்டதுக்கு என்னைக் கூப்பிட்டதில்ல. நானும் அப்படித்தான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

ராஜாமணி மருமகளைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. எழுந்து போய் அவள் இடுப்பிலிருந்த குழந்தையை வாங்கிக்கொண்டார். "எவ்வளவு நேரம்டி நின்னுக்கிட்டிருப்ப? உக்காரு" என்றார். பிறகு கௌசல்யாவின் அப்பாவிடம், அவர் முகத்தைப் பார்க்காமலே, "சம்பந்தி, இன்னைக்கே ஊருக்குப் போயிடாதீங்க. வீட்டுக்கு வந்து சாப்புட்டு, புள்ளைக்கு ஆபரேஷன் முடியறவரைக்கும் இருந்துட்டுப் போங்க" என்றார்.

இந்த இடத்தோடு கதையை முடித்துவிட்டால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நம் வேலை அங்கே முடிவதில்லை. கௌசல்யாவின் மேலிருந்த பழியை நீக்கிய அதே உண்மைதான் அவள் வயிற்றிலிருந்த குழந்தைக்கான ஆபத்தைக் கூட்டியது. சரவணனின் கண் சுத்தமாக இருந்திருந்தால் "அடுத்த குழந்தைக்கு வர வாய்ப்பு ரொம்பக் குறைவு" என்று சொல்லியிருப்பேன். இப்போது அப்படிச் சொல்ல முடியாது. நாம் சொல்லும் உண்மை எதிரே இருப்பவருக்கு ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கவும் செய்யும். அதனால் நல்ல செய்தி சொல்லிவிட்டோம் என்று மனம் குளிர்ந்து எழுந்து போய்விடாதீர்கள். நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டு உட்காருங்கள்.

தன்யாவின் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரே இடத்தில்தான் மரபணு கெட்டிருக்கிறது என்று ரத்த முடிவு வந்த பிறகு, கணவன் மனைவி இருவரையும் மட்டும் கூப்பிட்டு உட்காரவைத்தேன். கருவிலேயே பரிசோதிக்க வழி இருக்கிறது, அதில் என்னென்ன சிரமம், தெரிந்தால் சட்டப்படி என்னென்ன செய்யலாம், ஒன்றும் செய்யாமல் பிறக்கும்வரை காத்திருந்தால் எப்படிக் கவனிப்போம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். எது நல்லது என்று சொல்லவில்லை. கௌசல்யா கேட்டாள். "நீங்கன்னா என்ன செய்வீங்க டாக்டர்?"

இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். "நான் உங்க வீட்டுல வாழப்போறதில்லைம்மா. நீங்க எதை முடிவு பண்ணாலும் நான் கூட இருப்பேன்" என்றேன். அது நழுவல் மாதிரி கேட்கும். இல்லை. கூட இருப்பேன் என்று சொன்னால் இருக்க வேண்டும், அதுதான் அதற்கு விலை.

அவர்கள் இருவரும் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். "பொறக்கட்டும். பொறந்தன்னைக்கே பாத்துடுங்க" என்றாள்.

பையன் பிறந்தான். ரத்தத்தில் அந்தக் கோளாறு இருந்தது. சரவணன் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து, "நான்தான் மேடம் ரெண்டு பேருக்கும் குடுத்துட்டேன்" என்று விசும்பினார். அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். "ஆமா. ஆனா நீங்க அன்னைக்கு வாயத் திறந்ததாலதான் இவன் கண்ணை இவ்வளவு சீக்கிரம் பாக்க முடியுது" என்றேன். பிறந்த சில வாரங்களிலேயே ஒரு கண்ணில் குண்டூசித் தலை அளவுக்கு ஒன்று தெரிந்தது. லேசரில் அடங்கிவிட்டது. அவனுக்கு இரண்டு கண்ணும் இருக்கிறது, இரண்டிலும் பார்வை இருக்கிறது. அக்காவுக்கு ஒரு கண் செயற்கைக் கண்தான், ஆனால் இடது கண் நன்றாகத் தெரிகிறது, ஸ்கூலில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறாள். சரவணன் வருடா வருடம் வந்து தன் கண்ணைக் காட்டிவிட்டுப் போவார். உடம்பில் எங்கே கட்டி தட்டுப்பட்டாலும் உடனே வரவேண்டும் என்று மூன்று பேருக்குமே சொல்லிவைத்திருக்கிறேன்.

பேரனைப் பரிசோதனைக்குத் தூக்கிக்கொண்டு வருவது ராஜாமணியின் வேலையாகிவிட்டது. நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, ஒரு காலை நேரத்தில் காத்திருப்போர் அறையைக் கடந்து போனேன். மணப்பாறையிலிருந்து வந்திருந்த ஒரு இளம் தம்பதி, மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். கூட வந்திருந்த அம்மாள் ஒருவர், "எங்க பக்கம் யாருக்கும் இப்படிக் கெடையாது, இவ பக்கத்துலேருந்துதான் வந்திருக்கும்" என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எதிர் வரிசையில் பேரனைத் தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் ராஜாமணி. அவர் எழுந்து போய் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில், இடம் பண்ணிக்கொண்டு, நெருக்கி உட்கார்ந்தார். அவள் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த கணவனை எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, நீ உன் கண்ணைக் காட்டிட்டியா?"